மெட்டல் கிட்டாரில் வேகம் பிடிப்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

மெட்டல் என்கிற கனத்த ராக் இசையை வாசிப்பதற்கென்றே எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியவர்களுக்கு ஆறேழு மாதத்தில் ஒரு கட்டம் வரும். பவர் கார்டு, அதாவது இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கும் பிடி, வந்திருக்கும். உள்ளங்கை விளிம்பால் கம்பியை அடக்கி வாசிக்கும் பாம் மியூட் ஓரளவு பழகியிருக்கும். மெதுவான ரிஃப்புகளை, அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டுகளை, பாட்டோடு சேர்ந்தே வாசித்துவிடலாம். ஆனால் மனசுக்குப் பிடித்த அந்த வேகமான ரிஃப் வந்ததும் வலது கை பின்தங்கும், அப்புறம் இறுகும், கடைசியில் நின்றே போகும். அந்த இடத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வலக்கைக்காரர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

நானும் அங்கே நெடுநாள் நின்றிருக்கிறேன். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 பீட் என்று வைத்து, பிசகில்லாமல் வாசித்த பிறகு 2 ஏற்றி, மறுபடி 2 ஏற்றி என்று போனேன். எல்லோரும் சொல்லித்தரும் வழி அதுதான். ஒரு பீட்டுக்கு நான்கு அடி என்ற கணக்கில் 120 வரை வந்தது. அதற்கு மேல் ஓராண்டு முழுக்க நகரவே இல்லை. இன்னும் பயிற்சி போதவில்லை என்று நினைத்து நேரத்தைக் கூட்டினேன். முழங்கைக்குக் கீழே உள்ள சதை கல் மாதிரி ஆனதுதான் மிச்சம்.

மிருதங்கம் கற்றுக்கொண்டிருந்த என் சித்தி மகன் ஒருநாள், நான் பிக்கால், அதாவது கம்பியை மீட்டும் சின்னத் தகட்டால், வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். "பிக்கைக் கீழ வைங்கண்ணா. வெறும் கையால இந்த மேஜையில தட்டுங்க, எவ்வளவு வேகமா முடியுதோ அவ்வளவு வேகமா" என்றான். தட்டினேன். சுலபமாக வந்தது. "இப்ப பிக்கை எடுங்க" என்றான். எடுத்தேன். கட்டைவிரல் நகம் வெளுத்தது, தோள் ஒரு அங்குலம் மேலே ஏறியது. "வேகம் கையில ஏற்கெனவே இருக்கு. பிக்கைப் பிடிச்ச உடனே நீங்களே அதைப் பூட்டி வெச்சிடுறீங்க."

எனக்குக் கிடைத்த பாடங்களில் இதுதான் முக்கியமானது. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி எழுப்புவதாக நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் செய்ய வேண்டியது வேறு: கையில் இருக்கிற வேகத்தைக் கெடுக்காமல் கம்பிக்குக் கொண்டுவருவது, அப்புறம் இடது கையை அதோடு சேர்த்து நிறுத்துவது.

முதலில் கையை அளந்து பாருங்கள்

கைபேசியில் 10 நொடிக்கு டைமர் வையுங்கள். மணிக்கட்டைத் தளர்வாக வைத்து மேஜையில் தட்டி எண்ணுங்கள். எண்ண முடியாத வேகமாக இருந்தால் ஒலிப்பதிவு செய்து, பாதி வேகத்தில் ஓட்டி எண்ணலாம். ஒரு தட்டில் கை கீழே போய் மேலே வருகிறது, கம்பியில் அது இரண்டு அடி; அதனால் வந்த எண்ணை மூன்றால் பெருக்குங்கள். பீட்டுக்கு நான்கு அடி வீதம் உங்கள் கை எந்த பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை பீட்) வரை போகும் என்பது தெரிந்துவிடும். 10 நொடியில் 50 தட்டு என்றால் 150 பிபிஎம். 45 என்றால் 135.

மேஜையில் தட்டுவதும் கம்பியை மீட்டுவதும் ஒரே அசைவு இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் மேஜையில் 150-உம் கிட்டாரில் 105-உம் வருகிறது என்றால், குறை தசையில் இல்லை, பிடியிலும் அசைவிலும் இருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்துவிடும். இந்த எண்ணைத் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிக், கம்பி, ஆம்ப்

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். மெல்லிய பிக் கம்பியில் பட்டதும் வளைந்து, நிமிர்ந்து வருவதற்குள் அடுத்த அடிக்கு நேரமாகிவிடும். 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தடிமன் உள்ளதாக வாங்குங்கள். டன்லப் டார்டெக்ஸ் வரிசையில் நீலம் 1.0, ஊதா 1.14. அதே நிறுவனத்தின் ஜாஸ் த்ரீ என்கிற சின்ன, கூர்முனை பிக் 1.38; பெயரில் ஜாஸ் இருந்தாலும் மெட்டல்காரர்கள் நிறையப் பேர் கையில் இருப்பது அதுதான். இரண்டு மூன்று வகை வாங்கி ஒரு வாரம் மாற்றி மாற்றி வாசித்தால் கையே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடும்.

கம்பி, வழக்கமான ஈ ட்யூனிங்குக்கு 10–46 செட் போதும். அடிக்கம்பியின் சுதியை இறக்கும் ட்ராப் டி, அதற்கும் கீழே போகிறீர்கள் என்றால் அடிக்கம்பி இன்னும் தடித்த செட் போடுங்கள். தொளதொளவென்று ஆடுகிற கம்பியில் பிக் எங்கே படும் என்று கைக்குத் தெரியாது.

ஆம்ப் (ஒலிபெருக்கி) விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்கிறேன். ஒலியைக் கரகரப்பாக்கும் கெயினை முழுக்க ஏற்றி வாசித்தால் எல்லா அடியும் ஒரே கனத்தில் கேட்கும், விட்டுப்போன அடிகூடக் கேட்காது. டிஸ்டார்ஷன் என்கிற அந்தக் கரகரப்பு இல்லாமலே வாசித்தால் வேறொரு குறை மறைந்துகொள்ளும்: சும்மா இருக்க வேண்டிய கம்பிகள் இரைவது தெரியாது. அதனால் பாதி நேரம் க்ளீன், பாதி நேரம் டிஸ்டார்ஷன். டிஸ்டார்ஷனிலும் நீங்கள் விரும்புவதைவிடக் கொஞ்சம் குறைவாகவே கெயின் வையுங்கள்.

பிடி

ஆள்காட்டி விரலை உள்பக்கமாக வளையுங்கள். அதன் கடைசிக் கணுவின் பக்கவாட்டில் பிக்கை வைத்து, மேலே கட்டைவிரலைப் படுக்க வையுங்கள். பிக்கின் முனை வெளியே எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். அரைச் சென்டிமீட்டருக்கு மேல் தெரிந்தால் அதிகம். கம்பியைத் தொடும்போது அதற்குள் இறங்க வேண்டியதோ இன்னும் குறைவு, ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர். புதிதாக வாசிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் மண்வெட்டி மாதிரி பிக்கை ஆழமாக இறக்கி வாருகிறார்கள். ஆழம் கூடினால் கம்பி எதிர்க்கும், கம்பி எதிர்த்தால் விரல் இறுகும், விரல் இறுகினால் முன்கை வரைக்கும் இறுகும்.

எவ்வளவு அழுத்திப் பிடிப்பது? வலது கையில் பிக்கைப் பிடித்து, இடது கையால் அதை உருவிப் பாருங்கள். கொஞ்சம் தயங்கிக் கழன்று வர வேண்டும். வரவே இல்லை என்றால் அழுத்தம் அதிகம். வாசிக்கும்போது எப்போதாவது பிக் நழுவி விழுந்தால் பரவாயில்லை. பழகப் பழக விழாத அளவுக்கான குறைந்த அழுத்தத்தைக் கையே கண்டுபிடித்துக்கொள்ளும்.

அடுத்தது சாய்வு. பிக்கின் தட்டையான முகம் கம்பியில் முழுசாக மோதினால் டொக் டொக்கென்று தடை படும். பிக்கை லேசாகத் திருப்பி, அதன் விளிம்பு முதலில் கம்பியைத் தொடும்படி வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். கொஞ்சம் திருப்பினாலே போதும். மிகவும் திருப்பினால் தடித்த கம்பிகளில் கரகரவென்று சுரண்டும் சத்தம் வரும். அது வந்த இடத்திலிருந்து கொஞ்சம் பின்வாங்கிக்கொள்ளுங்கள்.

அசைவு எங்கிருந்து வருகிறது

பிக்கை ஆட்டுவதற்கு மூன்று வழிகள் உண்டு. மேஜையில் சிந்திய மாவைத் துடைப்பது போல மணிக்கட்டைப் பக்கவாட்டில் ஆட்டுவது ஒன்று. பூட்டில் சாவியைத் திருப்புவது போல முன்கையைச் சுழற்றுவது இன்னொன்று. மணிக்கட்டை அசைக்காமல் முழங்கையிலிருந்தே கையை ஆட்டுவது மூன்றாவது. மூன்றிலும் உலகத்தரத்தில் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். முழங்கையால் வாசிப்பது தப்பு என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். ஆனால் தொடங்குபவர்களுக்கு மணிக்கட்டு வழியைத்தான் சொல்வேன். பாம் மியூட்டுக்குக் கை பிரிட்ஜில் (கம்பிகள் கிட்டார் உடலில் வந்து சேரும் இடத்தில்) அமர்ந்தே இருக்க வேண்டும், மணிக்கட்டு அசைவுக்கு அது இடைஞ்சல் செய்யாது.

இப்போது வழக்கத்துக்கு மாறான ஒன்றைச் செய்யுங்கள். மெட்ரோனோம் வேண்டாம். இடது கையால் எல்லாக் கம்பிகளையும் லேசாகத் தொட்டு ஊமையாக்குங்கள். மூன்றாவது கம்பியில், மேலும் கீழுமாக, முடிந்த அளவு வேகமாக, மூன்று நொடி மட்டும் அடியுங்கள். சுத்தம் வேண்டாம், தாளம் வேண்டாம். நிறுத்துங்கள், கையை உதறுங்கள், மறுபடி மூன்று நொடி. ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்: ஆழத்தைக் குறைத்து, சாய்வைக் கூட்டி, மணிக்கட்டைக் கொஞ்சம் தூக்கி, முழங்கையைக் கிட்டாரின் விளிம்பில் இன்னும் முன்னால் வைத்து. பத்துப் பன்னிரண்டு தடவையில் ஒன்று சட்டென்று இலகுவாக வரும். கை தானாக அதிர்வது போல இருக்கும். அந்த ஒன்றுதான் உங்களுக்கு வேண்டியது. அப்போது கை எப்படி இருந்தது என்று கைபேசியின் ஸ்லோ மோஷனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் வேகத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன் என்றால், 60 பிபிஎம்மில் எந்த அசைவும் வேலை செய்யும். தோளிலிருந்து ஆட்டினாலும் வேலை செய்யும், கம்பிக்குக் கம்பி குதித்தாலும் வேலை செய்யும். தவறான அசைவை மெதுவாக ஆயிரம் முறை செய்தால் அந்தத் தவறுதான் நன்றாகப் பதியும். எந்த அசைவு வேகத்தில் தாங்கும் என்பதை வேகத்தில் வைத்துத்தான் பார்க்க முடியும். அதைக் கண்டுபிடித்த பிறகு மெதுவாக வாசிப்பதற்கு அர்த்தம் உண்டு.

கர்நாடக சங்கீதத்தில் ஒரே பாடத்தை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று தாளத்தை மாற்றாமல் இரட்டித்துக்கொண்டே போவார்களே, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மெட்ரோனோமை 120-இல் வையுங்கள். பீட்டுக்கு ஒன்று, பிறகு இரண்டு, பிறகு நான்கு. பீட்டுக்கு ஒன்று வாசிக்கும்போதும் அடி மூன்றாம் காலத்தில் இருப்பதைப் போலவே சின்னதாக, சுருக்கென்று இருக்க வேண்டும். அடித்துவிட்டு அடுத்த பீட் வரும்வரை கை சும்மா காத்திருக்கட்டும். மெதுவான காலத்தில் கையை அகலமாக வீசினால் அந்தப் பயிற்சியால் பயனில்லை.

தகதிமி தா

இனி வேகத்தை இசையாக மாற்ற வேண்டும். நீளமாக வாசிக்காதீர்கள், துண்டு துண்டாக வாசியுங்கள்.

இப்போது சுலபமாக வரும் வேகத்தைவிட 20 பிபிஎம் கூட்டி வையுங்கள். ஆறாவது கம்பியைத் திறந்தபடியே, பாம் மியூட்டில், "தகதிமி தா" என்று ஐந்தே ஐந்து அடி. 'த' முதல் பீட்டில் விழ வேண்டும், 'தா' அடுத்த பீட்டில் விழ வேண்டும். அங்கே நிறுத்தி இரண்டு பீட் ஓய்வு. வாயால் சொல்லிக்கொண்டே வாசியுங்கள். வாய் தடுமாறினால் கையும் தடுமாறும். டவுன் (கீழ்நோக்கிய அடி), அப் (மேல்நோக்கிய அடி), டவுன், அப், டவுன் என்று 'தா' டவுனில் முடியும்.

இறங்குகிற அந்தத் 'தா' பீட்டோடு ஒட்டி விழுகிறதா என்பதுதான் எல்லாம். முன்னாலேயே விழுந்தால் பதற்றம், பின்னால் விழுந்தால் இறுக்கம். ஒட்டி விழுந்ததும் "தகதிமி தகதிமி தா". பிறகு நான்கு தகதிமி. பிறகு எட்டு. எட்டு வந்துவிட்டால் அந்த வேகம் உங்களுடையது. நான் 120-இல் ஓராண்டு நின்ற பிறகு, இப்படித் துண்டாக வாசித்து ஏழு வாரத்தில் 148-க்கு வந்தேன். உங்களுக்கு இதே கணக்கு வரும் என்று சொல்லவில்லை. ஆனால் நின்ற இடத்திலிருந்து நகர்வீர்கள்.

இப்படி ஒரே கம்பியில் இடைவிடாமல் மேலும் கீழும் அடிப்பதைத்தான் ட்ரெமலோ பிக்கிங் என்கிறோம். 1990-களின் தொடக்கத்தில் நார்வேயின் பிளாக் மெட்டல் குழுக்கள் முழுப் பாட்டையே இதன் மேல் கட்டின. அந்தப் பாணியில் ஒவ்வொரு அடியும் தனித்துக் கேட்பதைவிட ஒரு படலமாகக் கேட்பதுதான் அழகு. த்ராஷ் மெட்டல் என்கிற இன்னொரு வகையில் நேர்மாறு. ஒவ்வொரு அடிக்கும் நடுவே மயிரிழை மௌனம் கேட்க வேண்டும். நீங்கள் எதற்காகப் பயிற்சி செய்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

அந்த மௌனம் பாம் மியூட்டிலிருந்து வருகிறது. சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள உள்ளங்கை விளிம்பு, பாதி பிரிட்ஜின் மேலும் பாதி கம்பியின் மேலுமாக இருக்கட்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னால் போனால் சுதியே கேட்காமல் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும், பின்னால் போனால் கணீரென்று ஒலித்து எல்லாம் குழம்பும். மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிட்டார் என்றால் கையை மேலே போட்டு அழுத்தாதீர்கள், சுதி ஏறிவிடும்.

கேலப்

அயர்ன் மெய்டன் பாட்டுகளில் குதிரை ஓடுவது போல் கேட்குமே, அந்த நடைதான் கேலப். ஒரு நீண்ட அடி, இரண்டு குட்டி அடி. "தா கிட, தா கிட, தா கிட". தா என்பது டவுன், கி டவுன், ட அப். தா-வுக்கும் கி-க்கும் நடுவே கை காற்றில் ஓர் அப் போட்டுவிட்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கை நிற்பதே இல்லை, ஓர் அடி மட்டும் கம்பியைத் தொடாமல் போகிறது.

வேகம் ஏற ஏற இந்த நடை கெடுவது எப்போதும் ஒரே மாதிரிதான்: தா குறுகி, மூன்றும் சமமாகி, "தா கிட" என்பது "தகிட" ஆகிவிடும். நான்கின் நடையான சதுஸ்ரம் மூன்றின் நடையான திஸ்ரமாக வழுக்கிவிட்டது. வாசிப்பவருக்கு வேகமாகப் போகிற உணர்வு இருக்கும், கேட்பவருக்கு ட்ரம்ஸோடு ஒட்டாமல் நொண்டும். பதிவு செய்து கேட்டால் உடனே தெரியும். தகிட ஆகிறது என்றால் 10 பிபிஎம் இறக்குங்கள். தலைகீழ் கேலப் "கிட தா", டவுன், அப், டவுன். இரண்டையும் மாறி மாறி நான்கு நான்காக வாசிப்பது என் கைக்கு நல்ல வேலை கொடுத்த பயிற்சி.

டவுன்பிக்கிங்

மெட்டலில் பலர் மயங்குவது இதில்தான். 1970-களில் ரமோன்ஸ் என்கிற பங்க் ராக் குழுவின் ஜானி ரமோன் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கீழ்நோக்கியே அடித்தார். மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் அதை மெட்டலின் அடையாளமாகவே ஆக்கிவிட்டார். 1986-இல் வந்த மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் பாட்டு சுமார் 212 பிபிஎம். பீட்டுக்கு இரண்டு வீதம், எல்லாம் டவுன். நொடிக்கு ஏழு தடவை. அதையும் எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிற பாட்டில்.

மேலும் கீழுமாக அடித்தால் இதே வேகம் சுலபமாக வருமே, எதற்குக் கஷ்டப்பட வேண்டும்? சத்தத்துக்காகத்தான். அப் அடி கொஞ்சம் மெலிதாக, கொஞ்சம் வேறு நிறத்தில் கேட்கும். எல்லாமே டவுனாக இருந்தால் ஒவ்வொரு அடியும் ஒரே எடையில் இறங்கும்.

ஆனால் முதல் இரண்டு மாதம் இதைத் தொடாதீர்கள். தளர்வான அசைவு கைக்கு வராமல் டவுன்பிக்கிங்கில் இறங்கினால், இறுக்கத்தைத்தான் வளர்ப்பீர்கள். வந்த பிறகு இப்படிச் செய்யுங்கள்: பிக் கீழே போய்க் கம்பியைத் தாண்டியதும், வந்த வழியே திரும்பாமல் சின்னதாக ஒரு நீள்வட்டம் போட்டுக் கம்பியின் மேலாகத் திரும்ப வேண்டும். அந்த நீள்வட்டம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நேரம் தாங்கும். 140-இல் பீட்டுக்கு இரண்டு வீதம் 30 நொடி, 30 நொடி ஓய்வு, இப்படி ஆறு சுற்று. ஆறும் சுலபமாக வந்த பிறகுதான் 5 ஏற்றுவது. இங்கே மட்டும் அந்தப் பழைய வழி, மெல்ல மெல்ல ஏற்றுவது, நன்றாக வேலை செய்கிறது. இது தசையின் தாங்குதிறன் சம்பந்தப்பட்டது, அவசரப்படுத்த முடியாது. வாரத்துக்கு மூன்று நாள் போதும், நடுவில் ஓய்வு வேண்டும்.

இடது கை

வலது கை சரியானதும் இன்னொன்று தெரிய வரும்: பல சமயம் மெதுவாக இருப்பது இடது கைதான். சோதித்துப் பாருங்கள். பிக் இல்லாமல், ஒரே கம்பியில் 5, 6, 7, 8-ஆம் ஃப்ரெட்டுகளில் (கிட்டாரின் கழுத்தில் உள்ள கட்டங்களில்) நான்கு விரலாலும் வரிசையாகச் சுத்தி போல் தட்டுங்கள். மூன்றாவது விரலிலிருந்து சுண்டுவிரலுக்குப் போகும்போது தடுக்கிறதா? கிட்டத்தட்ட எல்லோருக்கும் தடுக்கும்.

ஒத்திசைவுக்கு ஒரே ஒரு தந்திரம் சொல்கிறேன். 5-6-7-8 வாசிக்கும்போது, முதல் விரல் விழும் அடியை மட்டும் சற்று அழுத்தி அடியுங்கள். தகதிமி, தகதிமி. நான்கு சுரங்களையும் தனித்தனியாகக் கவனிக்க மூளையால் முடியாது. நான்குக்கு ஒன்று என்றால் முடியும். அந்த ஒன்றில் இரண்டு கையும் சேர்ந்துவிட்டால் நடுவில் உள்ள மூன்றும் தானாக வரிசைக்கு வந்துவிடும். விரலை ஃப்ரெட் கம்பியை ஒட்டி வையுங்கள், எடுக்கும்போது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தூக்காதீர்கள், இடது கட்டைவிரல் கிட்டாரின் கழுத்தை நெரிக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பி மாறும்போது

ஒரே கம்பியில் 150 வந்தவர், இரண்டு கம்பிகளில் வாசிக்கச் சொன்னால் 110-க்கு விழுவார். திறமைக் குறைவு என்று நினைத்து மனம் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். காரணம் மிக எளிமையானது, யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

பிக் போகிற பாதையைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அது கம்பிகள் இருக்கும் தளத்துக்கு இணையாக, நேர்கோட்டில் போய்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டவுன் முடிந்ததும் பிக் எங்கே நிற்கும்? இந்தக் கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில். அப் முடிந்தாலும் அந்தப் பக்கத்துப் பள்ளத்தில். இரண்டு பக்கமும் வேலி. வேறு கம்பிக்குப் போக வேண்டும் என்றால் வேலியைத் தாண்டிக் குதிக்க வேண்டும், அந்தக் குதிப்புதான் வேகத்தைத் தின்கிறது.

அந்தப் பாதை லேசாகச் சாய்ந்திருந்தால் கதை மாறும். ஒரு முனையில் பிக் பள்ளத்துக்குள் இறங்கும், மறுமுனையில் கம்பிகளைவிட்டு வெளியே காற்றில் வந்து நிற்கும். வெளியே வந்த அந்த நொடியில் எந்தக் கம்பிக்கு வேண்டுமானாலும் போகலாம், குதிக்கவே வேண்டாம்.

உங்கள் கை எந்த அடியில் வெளியே வருகிறது என்பதை ஸ்லோ மோஷனில் பாருங்கள். கிட்டாரின் தலைப்பக்கத்திலிருந்து, கழுத்தோடு சேர்த்துப் படம் எடுத்தால் தெளிவாகத் தெரியும். அப் அடியில் வெளியே வருகிற கை என்றால், அப் முடிந்த பிறகே கம்பி மாறுங்கள். அதாவது டவுனில் தொடங்கி, ஒவ்வொரு கம்பியிலும் இரட்டைப்படையாக, இரண்டோ நான்கோ ஆறோ வாசித்துவிட்டு மாற வேண்டும். டவுன் அடியில் வெளியே வருகிற கை என்றால் அப்பில் தொடங்கி இரட்டைப்படை. ஸ்வீடன் கிட்டார் கலைஞர் இங்வே மால்ம்ஸ்டீன் 1980-களில் எல்லோரையும் திகைக்க வைத்த ஓட்டங்களைக் கவனித்தால், பெரும்பாலும் அப்பில் முடித்துவிட்டுத்தான் கம்பி மாறுவார். கைக்கு ஏற்றபடி சுரங்களை அடுக்கியிருக்கிறார்.

கம்பிக்கு மூன்று சுரம் வைத்து ஸ்கேல் (சுர வரிசை) ஓட்டுவது இதனால்தான் கடினம். ஒரு கம்பி டவுனில் முடியும், அடுத்தது அப்பில் முடியும். இரண்டுக்கும் சாய்வை மாற்றிக்கொண்டே போக வேண்டும். அதை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கம்பிக்கு நான்கு என்று அடுக்கி வாசியுங்கள், திடீரென்று கை விடுதலையானது போல இருக்கும்.

ஒரு நாள் பயிற்சி

25 நிமிடம் போதும், தினமும் வேண்டும். முதல் ஐந்து நிமிடம் எதையும் சாதிக்க முயலாமல் மெதுவான ரிஃப் ஒன்றை வாசித்துக் கையைச் சூடாக்குங்கள். அடுத்து மூன்று நொடி வேகச் சோதனை ஐந்தாறு தடவை, அன்றைக்குக் கை எப்படி இருக்கிறது என்று பார்க்க. பிறகு பத்து நிமிடம் தகதிமித் துண்டுகள், ஒருநாள் ஒரே கம்பியில், மறுநாள் இடது கையோடு, அதற்கடுத்த நாள் கம்பி மாறி. மிச்ச நேரத்தில் உண்மையான ரிஃப். இது முக்கியம். பயிற்சிகளை மட்டுமே வாசிப்பவர்கள் பயிற்சிகளில் மட்டும்தான் வேகமாக இருப்பார்கள். கற்கிற பாட்டிலிருந்தே தடுக்கும் இரண்டு பீட்டை வெட்டி எடுத்து அதையே துண்டாக வாசியுங்கள்.

ஒரே துண்டை நான்கு நிமிடத்துக்கு மேல் திரும்பத் திரும்ப வாசிக்காதீர்கள், கவனம் போன பிறகு கை பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடும். வாரம் ஒருமுறை 30 நொடி பதிவு செய்து, பாதி வேகத்தில் ஓட்டிக் கேளுங்கள். முழு வேகத்தில் நன்றாக இருப்பதாகத் தோன்றியது பாதி வேகத்தில் எங்கே பல் உடைந்திருக்கிறது என்று காட்டிவிடும்.

வலி

டவுன்பிக்கிங் செய்யும்போது முன்கைச் சதை எரிவது இயல்பு, நிறுத்தினால் ஓரிரு நிமிடத்தில் போய்விடும். மணிக்கட்டில் சுருக்கென்று குத்துவது, விரல் மரத்துப்போவது, எறும்பு ஊர்வது போல இருப்பது, இரவில் வலிப்பது — இவை எதுவும் இயல்பு இல்லை. அன்றைக்கே நிறுத்துங்கள், சில நாள் ஓய்வு கொடுங்கள், போகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். வலியோடு வாசித்துப் பழக்கிவிடலாம் என்று நினைத்து மாதக்கணக்கில் கிட்டாரைத் தொட முடியாமல் போனவர்களை எனக்குத் தெரியும். உங்களுக்கு அது வேண்டாம்.

நின்று வாசிப்பது

உட்கார்ந்து 160 வாசிப்பவர் எழுந்து நின்றதும் 140-க்கு வந்துவிடுவார். தோளில் மாட்டும் பட்டையின் நீளம் மாறியதும் முன்கை கம்பிகளைச் சந்திக்கும் கோணம் மாறிவிடுகிறது, நீங்கள் பாடுபட்டுக் கண்டுபிடித்த சாய்வும் அதோடு போய்விடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே பட்டையை மாட்டி, கிட்டார் மடியில் இருக்கும் அதே உயரத்துக்கு அதை இழுத்துக் கட்டுங்கள். அப்புறம் எழுந்து நில்லுங்கள். முழங்கால் வரை தொங்கவிட்டு வாசிப்பது பார்க்க நன்றாக இருக்கும், ஆசை இருந்தால் பிறகு வாரத்துக்கு ஒரு துளையாக இறக்கிக்கொள்ளலாம். ட்ரம்மரோடு சேர்ந்து வாசிக்கப் போகிறீர்கள் என்றால் பாட்டின் வேகத்தைவிட 10 பிபிஎம் கூடுதலாக, நின்றபடி, பிசகாமல் வாசிக்க வருகிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். மேடை ஏறியதும் ட்ரம்மர் நிச்சயம் வேகமாகத்தான் தொடங்குவார்.